சமாதானம் நின்ற வரிசை

என் ஓரகத்தி மறுபடியும் வந்திருந்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சு, வாயில் ஒரு பை வசனம். ஆரஞ்சையாவது உரித்துத் தின்னலாம்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கணவருடைய அண்ணன் மனைவி. இரண்டு பேரும் ஒரே சலவை ஆலையில் வேலை பார்த்தோம்; நான் துணி தேய்க்கிற சூட்டு உருளையில், அவள் துணி மடிக்கிற பகுதியில். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மூத்தார், அங்கே மேற்பார்வையாளர். "ஒரு நிமிஷம்கூட மிஷின் நிக்கக்கூடாது" என்பதுதான் அவர் எங்களுக்குச் சொல்லும் காலை வணக்கம். அதனால் ஆலையில் அவருக்கு நிமிஷம் என்று பெயர். ஓரகத்திக்கு வசனக்கா என்று பெயர் வைத்தது நான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அதற்கொரு வசனம் வைத்திருப்பாள்.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கிற வரைக்கும் இருக்கு."

வலது கையில் எனக்கு மிஞ்சியது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். மற்றதை உருளை எடுத்துக்கொண்டது. உள்ளங்கைத் தோல் வெந்து சுருங்கி, கையை எப்போதும் பாதி மூடியே வைத்திருக்கிறது. அதன் மேல் போட்டுக்கொள்ள வெள்ளைத் துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தாள் ஓரகத்தி. "பாக்கிறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல" என்றாள். சங்கடம் யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை திருவிருந்து ஆராதனை. நீ வந்து சாட்சி சொல்லணும். சபையே எதிர்பார்க்குது."

"என்னன்னு சொல்றது?"

"ஆண்டவர் உன்னை எப்படிப் புடமிட்டார்னு. தங்கத்தை நெருப்புல போட்டாத்தானே மின்னும்."

"நான் தங்கம் இல்லக்கா. இது விரல். விரலை நெருப்புல போட்டா வேகும்."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. எனக்கு அதில் ஒரு திருப்தி. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வந்தால் வேலின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டாமா?

"எல்லாம் ஒரு நன்மைக்குத்தான் ஆண்டவர் அனுமதிச்சிருக்கார்."

"அனுமதிச்சது ஆண்டவர் இல்ல. உங்க வீட்டுக்காரர்."

அவள் கைகளைச் சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். வந்ததிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பக்திமான்களுக்குக் கைகூட அடக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரம் போகாமல் கொண்டுவந்து, ஒரு பெரிய சூடான உருளைக்குள் விடுவோம். இந்தப் பக்கம் ஈரத்துணி போனால் அந்தப் பக்கம் தேய்த்த துணியாக வரும். உருளைக்கு முன்னால், விரல் உயரத்தில் ஒரு கம்பி உண்டு. கை கொஞ்சம் உள்ளே போனாலும் அந்தக் கம்பியில் இடிக்கும். இடித்தால் இயந்திரம் நின்றுவிடும். அவ்வளவு நல்ல கம்பி. ஆனால் அதற்குக் கைக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாது. தடித்த மடிப்பு வந்தாலும் இடித்து நின்றுவிடும். நிற்பது நிமிஷத்துக்கு ஆகாது. ஒரு நாள் கம்பியை மேலே தூக்கி, இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். "பாத்து வேலை செய்யுங்க, நீங்க என்ன குழந்தைகளா?" என்றார்.

ஒரு தலையணை உறையின் முனை மடங்கிப் போயிற்று. மடிப்பை நீவிவிடக் கை தானாகப் போகும். அந்த வேலையில் நிற்கும் எல்லோருக்கும் போகும். என் கையும் போயிற்று. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்றபோது, என் மூத்தார் என் தலைமாட்டில் நின்றுகொண்டு "கவனக்குறைவு சார்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவள் கையையே மறைக்கிறவரை அன்றுதான் பார்த்தேன். மருந்து மயக்கத்தில் எனக்கு வாய் குழறியது. என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். அவர் ஆலையின் வேன் ஓட்டுநர். எல்லாம் தெரிந்தவர். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார். அதிலேயே நின்றுவிட்டார்.

பிறகு நான் கம்பியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் காதில் வாங்காமல், நிமிஷம் சபை முழுக்கச் சொல்லி வைத்தார்: "கம்பியை அப்பவே இறக்கிட்டேன். இனி ஒரு பயமும் இல்ல. நடந்தது ஆண்டவர் சித்தம்." அவர் சபையில் மூப்பர். காணிக்கைத் தட்டு எடுக்கிற கை பொய் சொல்லுமா?

எனக்கு இதில்தான் வயிறு எரிந்தது. நான் பீடத்துக்கு முன்னால் நின்று "ஆண்டவர் செய்தார், என்னை ஆழப்படுத்தினார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கதை முடிந்தது. கம்பியைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேசமாட்டார்கள். ஆண்டவர் சித்தத்தை யார் போய்க் கழற்றி மாட்டுவது?

"இப்ப அந்த மிஷின்ல யாரு நிக்கிறா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன், ஒரு முறை இல்லை, பல முறை.

"யாரோ நிக்கிறாங்க."

"யாரோன்னா? பேரில்லாத பேயா?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ ரெஸ்ட் எடு."

கல்லுளிமங்கன். கட்டிக்கொண்ட பாவத்துக்கு இதையும் சேர்த்துச் சுமந்தேன்.

இதெல்லாம் மனிதர்கள் மேல் இருந்த கோபம். இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. அது ஆண்டவர் மேல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜெபத்தை நிறுத்திவிட்டேன். ஒரே கையால் பாத்திரம் துலக்குவேன். தட்டு வழுக்கித் தொட்டியில் விழும். விழுந்தவுடன் வாய் திறக்கும். "பாத்தீரா? சந்தோஷமா? எனக்கு இன்னொரு கை குடுக்க வேண்டாம், அந்த ஒரு நொடி மின்சாரத்தை நிறுத்தியிருக்கக் கூடாதா? செங்கடலைப் பிளக்கத் தெரிஞ்சவருக்கு ஒரு பிளக்கைப் பிடுங்கத் தெரியாதா?" என்று ஆரம்பித்தால் பாத்திரம் முடிகிறவரை போகும். பக்கத்து வீட்டுக்காரி நான் புருஷனைத் திட்டுவதாக நினைத்து என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவருக்கும் அது வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நடுவில் எனக்கே ஒன்று உறைத்தது. அதற்கு முன்னால் வருஷக்கணக்காக நான் ஜெபித்ததெல்லாம் மேலாளரிடம் விடுப்பு கேட்கிற பேச்சு. பணிவாக, சுருக்கமாக, அவர் முகத்தைப் பார்க்காமல். இப்போதுதான் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஜெபத்தை நிறுத்தினவள் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இல்லாத ஆளோடு யாராவது இவ்வளவு நேரம் சண்டை போடுவார்களா? இது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் உண்மையாக இருந்தது.

ஓரகத்தி வந்து போன அந்த வாரமே போதகரும் வந்தார். வேறு யார் வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள், உறையைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் வந்து உட்கார்ந்து, "கையைப் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் வேண்டுமென்றே உறையைச் சடாரென்று உருவிக் காட்டினேன். மனிதர் கண்ணைத் திருப்பவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்லாத விரல்தான் ஐயா அதிகமா வலிக்குது."

தலையாட்டினார். நான் விடவில்லை. "இது ஆண்டவர் செஞ்சதா? நேராச் சொல்லுங்க. வசனம் வேண்டாம்."

நான் கொடுத்த டீத் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். டீ ஆறிப் போயிற்று. பிறகு, "எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அத்தனை பேர் வந்து போனதில் என் காது பொறுத்துக்கொண்ட ஒரே பதில் அதுதான். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். சாட்சி சொல்ல அல்ல. சொல்லமாட்டேன் என்று எல்லோர் கண்முன்னும் உட்கார்ந்து காட்ட.

எங்கள் குடும்பத்துக்கு என்று ஆலயத்தில் ஒரு பெஞ்சு உண்டு. நடைபாதை ஓரம் மூத்தார், அடுத்து என் வீட்டுக்காரர், அடுத்து ஓரகத்தி, சுவரோரம் நான். என் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய படம். கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்காருகிறேன். அதிலிருந்த தூசியைப் பார்த்திருக்கிறேன், படத்தைப் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. "சாட்சி சொல்ல விரும்புறவங்க சொல்லலாம்" என்றார் போதகர். ஓரகத்தி முழங்கையால் இடித்தாள். நான் முன்பெஞ்சின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுபடி இடித்தாள். சபை முழுக்கக் கழுத்துகள் திரும்பின. திரும்பட்டும். கழுத்து வலித்தால் அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பார்கள்.

அப்போது மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"எங்க குடும்பத்துல ஒரு சோதனை வந்தது எல்லாருக்கும் தெரியும். என் தம்பி மனைவி, பாவம், பேச முடியாத நிலைமையில இருக்கு. அதுக்குப் பதிலா நான் சொல்றேன். அந்தக் கையை ஆண்டவர் எடுத்தார். ஆனா அதுமூலமா அந்தப் பிள்ளையை விசுவாசத்துல ஆழமாக் கொண்டு போயிட்டார். எல்லா மகிமையும் அவருக்கே."

"ஆமென்" என்றது சபை.

கையையும் எடுத்து, அந்தக் கையைப் பற்றிப் பேசுகிற வாயையும் எடுத்துக்கொண்டார் இந்த மனிதர். எழுந்து கத்தியிருப்பேன். கத்தினால் "பேச முடியாத நிலைமை" என்று அவர் சொன்னது உண்மையாகிவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினேன். திரும்பினால் அந்தப் படம்.

அன்றுதான் பார்த்தேன். இரண்டு கைகளிலும் ஓட்டை. அடிபட்ட முதுகு, முள் குத்திய நெற்றி, போன உயிர் எல்லாம் சரியாகி எழுந்து வந்துவிட்டார். இந்த ஓட்டைகளை மட்டும் ஏன் அப்படியே விட்டு வைத்தார்? அடைத்துக்கொண்டு வந்திருக்கலாமே? உறை போட்டு மறைத்திருக்கலாமே, பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் இல்லாமல்? பூட்டின அறைக்குள் பயந்து உட்கார்ந்திருந்த தன் சீடர்களிடம் வந்து, "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று அவர் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. கையைக் காட்டினார். ஆணி அடித்தவன் யார் என்பதையும் அவர் மறைக்கவில்லை, ஊருக்கே தெரியும்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தோடுதான் வந்தது. "நீரும் என்னை மாதிரிதானா? இதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று உள்ளுக்குள் கேட்டேன். இத்தனை நாளும் அந்தக் கையை விரித்துக்கொண்டு என் தலைக்கு மேல்தான் நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தது.

எங்கள் சபையில் அது இப்படி நடக்கும். பீடத்தில் அப்பம் திறந்து வைக்கப்பட்டிருக்கும். போதகர் தன் கைகளைக் குவித்து முன்பெஞ்சில் இருப்பவரின் குவிந்த கைகளைப் பொதிந்து, "சமாதானம்" என்பார். வாங்கினவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு. பெஞ்சின் கடைசியில் சுவரோரம் இருப்பவர் திரும்பிப் பின்பெஞ்சுக்குக் கொடுப்பார். இப்படிக் கைக்குக் கை போய், கடைசிப் பெஞ்சில் கடைசி ஆள் வாங்கி "ஆமென்" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் போதகர் அப்பத்தைத் தொடுவார். அதுவரை ஆலயமே நின்றுகொண்டு காத்திருக்கும். மனஸ்தாபம் இருந்தால் அந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் தீர்த்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. தொட்டும் தொடாமலும் கை மாறும், அவ்வளவுதான்.

மூத்தார் வாங்கினார். என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். அவர் அண்ணிக்குக் கொடுத்தார். ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள். வேறு வழியில்லாமல் முந்தானைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து நீட்டினாள்.

வாங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கண் அந்தக் கைகளின் மேல் விழுந்துவிட்டது.

விரல்களின் பின்பக்கம், கணுவுக்குக் கீழே, குறுக்குக் கோடுகள். சில கறுத்துப் போயிருந்தன. ஒன்று புதிது, இன்னும் ஈரமாக, சிவப்பாக. துணி மடிக்கிற பகுதியில் வேலை செய்கிறவளுக்கு அந்தக் கோடு வராது. அடுப்பிலும் வராது. உருளையின் சூடான விளிம்பு உரசினால் மட்டும்தான் வரும். கம்பி அதன் இடத்தில் இருந்தால் விரல் அந்த விளிம்பை எட்டவே முடியாது.

"அக்கா, நீங்க இப்ப எந்த மிஷின்ல நிக்கிறீங்க?"

"மெதுவாப் பேசு. வாங்கிக்கோ."

"எந்த மிஷின்ல?"

"உன் இடத்துலதான்."

"எப்போலேருந்து?"

"நீ அடிபட்ட மறுநாளே. ஒருத்தியும் அங்க நிக்கமாட்டேன்னுட்டாங்க. பயம் இல்லேன்னு காட்டணும்னு அவர் என்னையே நிக்க வெச்சார்."

"கம்பி?"

கண்ணை மூடிக்கொண்டாள். "கட்டித்தான் இருக்கு. பயமா இருக்குடி. ஒவ்வொரு துணிக்கும் ஒரு வசனம் சொல்லிக்குவேன். மிஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதமாக என் வீட்டுக்கு வந்து அவள் கொட்டிய வசனமெல்லாம் என் மேல் எறிந்த கல் இல்லை. மூழ்குகிறவள் பிடித்துக்கொண்டிருந்த கட்டை. அது ஆண்டவர் சித்தம் இல்லையென்றால் அவள் புருஷன் கட்டின கம்பி. அதை ஒப்புக்கொண்டால் மறுநாள் காலையில் எந்தத் தைரியத்தில் அங்கே போய் நிற்பாள்? என்னை நம்பவைக்க அவள் வரவில்லை. தன்னை நம்பவைக்க வந்திருக்கிறாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று அவளைத்தான் நான் வைதுகொண்டிருந்தேன். அவள் எனக்குப் பக்கத்திலேயே அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளிடமிருந்து வாங்கினேன். நன்றாக இறுக்கியே வாங்கினேன். பிறகு பின்பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை.

உறையை உருவிப் பெஞ்சின் மேல் போட்டேன். ஓரகத்தியைத் தாண்டி, என் வீட்டுக்காரரின் காலை மிதித்துக்கொண்டு (தெரிந்தேதான் மிதித்தேன்) நடைபாதை ஓரத்துக்குப் போனேன். சமாதானம் வந்த வழியே திரும்பிப் போகக் கூடாது என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. மூத்தாரின் இரண்டு கைகளையும் என் இரண்டு விரல் கையால் பிடித்தேன். உதறப் பார்த்தார். இரண்டு விரல்தான் என்றாலும் ஈரத்துணி பிழிந்த விரல்கள் அவை.

"அத்தான், கம்பி இறங்கிடுச்சா?"

"இது என்ன இடம்னு தெரியுதா உனக்கு? வெளில பேசிக்கலாம்."

"வெளில மாசக்கணக்காப் பேசிட்டேன். உங்க காது அங்க வேலை செய்யல."

"உன் இடத்துக்குப் போ. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பதில் வர்றவரைக்கும் பின்னாடி ஒருத்தருக்கும் சமாதானம் கிடையாது."

ஆலயம் அப்படியே நின்றது. பின்பெஞ்சுகளில் குவித்த கைகளோடு ஜனம் நின்றுகொண்டிருந்தது. "என்ன ஆச்சு? எங்க நிக்குது?" என்று யாரோ கேட்டார்கள். போதகர் பீடத்தில் நின்று எங்களையே பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லி என்னை என் இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். அவர் அப்பத்தையும் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை.

மூத்தார் குரலைத் தாழ்த்தினார். "கம்பி இறங்கினா மிஷின் நின்னு நின்னு போகும். முதலாளி வேற ஆளைப் போட்டுடுவார். உனக்கு அது வேணுமா?"

"உங்களுக்கு அக்கா கை வேணுமா வேணாமா? அதைச் சொல்லுங்க. திரும்பிப் பாருங்க. ஒரு நாளாவது அந்தக் கையைப் பாத்தீங்களா?"

அவர் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர்தான் திரும்பினார். அண்ணியின் கைகளைப் பார்த்தார். அந்தக் கல்லுளிமங்கன் வாய் திறந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணே, சொல்லு. நீ கட்டினதை நானும்தான் பாத்தேன். சொல்லிடு."

அதற்குப் பிறகுதான் மூத்தார் மனைவியின் பக்கம் பார்த்தார். அவள் கைகளை மறைக்கவில்லை. மறைக்கவில்லை என்பதுதான் அவள் அன்றைக்குச் சொன்ன சாட்சி. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"இறக்கிடுறேன்" என்றார்.

"கேக்கல அத்தான். காணிக்கை அறிவிக்கும்போது கடைசிப் பெஞ்சுவரைக்கும் கேக்குமே உங்க குரல்."

"நான்தான் கட்டினேன்." குரல் உடைந்து, ஆனால் பெரிதாகவே வந்தது. "ஆண்டவர் கட்டல. நான் கட்டினேன். நாளைக்குக் காலைல மிஷின் ஓடறதுக்கு முன்னால இறக்கிடுறேன்."

இந்த முறை யாரும் ஆமென் சொல்லவில்லை.

அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கடனே என்று கொடுக்கவில்லை. கையை விட்டேன், அவ்வளவுதான். என் இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பின்பெஞ்சுக்காரிக்குச் சமாதானம் கொடுத்தேன். உறையில்லாத கையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். அது அவளிடமிருந்து அடுத்தவருக்குப் போயிற்று. கடைசிப் பெஞ்சில் ஒரு கிழவர் "ஆமென்" என்று கத்தினார். அவருக்குக் காது மந்தம். நடுவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

அப்பம் வாங்க வரிசையில் போனோம். வலது கையை மேலே வைத்து உள்ளங்கையை விரித்து வாங்க வேண்டும். என் கை விரியாது. வீட்டிலேயே இதை நினைத்துப் பயந்திருந்தேன். கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது? பாதி மூடிய கையை நீட்டினேன். அப்பத்துண்டு விளிம்பில் சாய்ந்தது. பக்கத்திலிருந்து ஓரகத்தி தன் கையை என் கைக்குக் கீழே கொண்டுவந்து தாங்கினாள். அந்தத் துண்டை அங்கிருந்துதான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அழுதுகொண்டே தின்றேன். வருஷக்கணக்காக வாங்கியிருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அது பசிக்குச் சாப்பிட்டது போல இருந்தது.

திரும்பி வரும்போது ஓரகத்தி காதோரம் ஏதோ முணுமுணுத்தாள்.

"வசனமா?" என்றேன்.

"இல்லடி. எரியுதுன்னேன்."

மறுநாள் காலையில் ஆலைக்குப் போனேன். விசுவாசம் வேறு, நிமிஷத்தின் வாக்கு வேறு. கண்ணால் பார்க்காமல் நம்புவதாக இல்லை. கை போன நாளுக்குப் பிறகு அந்த வாசலை அன்றுதான் மிதித்தேன். சோப்பு வாடையும் நீராவியும் முகத்தில் அடித்ததும் கால் பின்வாங்கியது. ஓரகத்தி என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

மூத்தார் ஒரு ஸ்டூலில் ஏறிக் குறட்டால் கட்டுக்கம்பியை முறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். அவரே கட்டின கட்டு. அவருக்கே அவிழ்க்க வரவில்லை, அவ்வளவு இறுக்கம். வேர்த்துக் கொட்டியது. ஒரு பக்கம் விட்டது. மறுபக்கம் விட்டதும் தடுப்புக் கம்பி டங்கென்று தன் இடத்தில் விழுந்தது. ஆலைப் பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள்.

"ஓட விடுங்க" என்றேன்.

உருளை சுற்ற ஆரம்பித்தது. சூடு ஏறியது. என் பழைய இடத்தில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் வேனை விட்டு இறங்கி ஓடிவந்து, "வேண்டாம், வேண்டாம்" என்றார். நான் வலது கையை நீட்டினேன், அன்றைக்கு மடிப்பை நீவப் போன அதே வாக்கில். இரண்டு விரல்களும் கம்பியில் இடித்தன.

இயந்திரம் நின்றது.

அப்படி ஒரு நிசப்தத்தை அந்த ஆலையில் நான் கேட்டதே இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. கையை எடுக்காமல் கம்பியின் மேலேயே வைத்திருந்தேன். கண்ணில் நீர் முட்டியது.

"இவ்வளவுதானே? இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல?" என்று, பாத்திரம் துலக்கும்போது கேட்கிற அதே குரலில் சத்தமாகக் கேட்டேன்.

ஸ்டூலில் இருந்த மூத்தார் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கேட்டது அவரை அல்ல. அவரும் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.